ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

பாண்டீஸ்வரியின் ஜீப்புக்கு நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றிய மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், கம்பம்மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், விருமாயி சாப்பிட்ட சோறு சுருளியம்மாளின் வயிற்றில் போய் இறங்கியது. விருமாயி மூன்று டப்பாவையும் வழித்துத் தின்றுவிட்டு இன்னும் பசிக்கிறதே என்று காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்கு எதிரே நிழல்மரத்தில் சாய்ந்து, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த சுருளியம்மாள், கல்யாண வீட்டில் இரண்டு பந்தி உட்கார்ந்து எழுந்தவளைப் போல வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னமோ பண்ணுது" என்றாள். அன்றைக்கு மலையில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. வேறு அதிசயம் எதுவும் நடக்கவில்லை.

அந்த ஜீப்பில் நான்கு இருக்கைகள். முன்சீட்டில் வண்டிக்குச் சொந்தக்காரியும் ஓட்டுகிறவளுமான பாண்டீஸ்வரி, அவள் பக்கத்தில் தவமணி. நடுச்சீட்டில் மூன்று பேர். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கம் மூன்று பேர். விடியுமுன் கம்பத்தில் ஏறி, திராட்சைப் பந்தல்களைக் கடந்து, மலையின் வளைவுகளில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, எல்லைச் சாவடியில் ஒருமித்துக் கொட்டாவி விட்டு, தோட்டத்தில் இறங்கி, சாயங்காலம்வரை ஏலச் செடிகளின் தூரில் குந்தி உட்கார்ந்து காய் பறித்து, அதே வளைவுகளில் மறுபக்கமாகச் சாய்ந்து வீடு திரும்புகிற பதினோரு பெண்கள். நடுச்சீட்டின் ஓரத்தில் சம்சாத். இடப்பக்கப் பெஞ்சில் சுருளியம்மாள். அவளுக்கு நேர் எதிரே, முழங்கால் முட்டும்படி, வலப்பக்கப் பெஞ்சில் விருமாயி. இந்த மூன்று பேரை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றவர்களுக்கும் நடந்தது இதேதான்.

சுருளியம்மாளுக்குப் பவுன் என்று ஒரு தங்கை இருந்தாள். பதினெட்டு வருடம், எந்த ஜீப்பாக இருந்தாலும், இடப்பக்கப் பெஞ்சில் அக்காவும் தங்கையும் அடுத்தடுத்து உட்கார்ந்து போனார்கள், அடுத்தடுத்த செடியில் காய் பறித்தார்கள், மத்தியானம் ஒரே தட்டில் சோற்றைக் கொட்டி, தங்கை பிசைய, அக்கா குழம்பு ஊற்ற, ஒருத்தி கை எடுத்ததும் மற்றவள் கை வைத்து, பேசாமல் சாப்பிட்டார்கள். பங்குனியில் மூன்று நாள் காய்ச்சலில் பவுன் போய்விட்டாள். காரியம் முடிந்து நான்காம் நாள் சுருளியம்மாள் வேலைக்கு வந்தாள். அழவில்லை, புலம்பவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். சோறு மட்டும் இறங்கவில்லை. வாயில் வைப்பாள், மெல்லுவாள், மென்றது பஞ்சு மாதிரிக் கன்னத்திலேயே நிற்கும். யாரும் பார்க்காதபோது எழுந்து போய்த் துப்பிவிட்டு வருவாள். வரக்காப்பியும் தண்ணீரும் இறங்கின. சித்திரை பிறந்தபோது அவளுடைய ரவிக்கை அவளுடையது அல்லாததுபோல் தொங்கியது. டாக்டர் தொண்டையில் விளக்கு அடித்துப் பார்த்து, வழியில் அடைப்பு ஒன்றும் இல்லை என்றார். தோட்டத்துக் கங்காணி, இரக்கப்படுகிற மனிதர்தான், பாண்டீஸ்வரியைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்தம்மா ஒரு நா செடிக்குள்ளயே விழுந்து கெடக்கப் போகுது, நாங்க தேடித்தான் எடுக்கணும். வீட்ல இருக்கச் சொல்லு" என்றார்.

"வீட்ல ஆரு இருக்கா, இவ இருக்கதுக்கு" என்றாள் பாண்டீஸ்வரி.

இந்தச் சமயத்தில்தான் ஜீப் புகை தள்ள ஆரம்பித்தது. ஏற்றத்தில் இழுக்கவில்லை, ஏழாவது வளைவில் திணறி, ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் நொண்டியது. இன்னாசி பார்த்துவிட்டு, சிலிண்டருக்கு ஒன்றாக டீசலைப் பீச்சுகிற நான்கு இன்ஜெக்டரும் தேய்ந்துபோயின, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றான். இன்னாசி கம்பத்தில் முப்பத்திரண்டு வருடமாக டீசல் வண்டி பார்க்கிறவன். பழைய இஞ்சின்களைக் காதை வைத்தே சரிசெய்வான். கம்ப்யூட்டர் வைத்த இஞ்சின்கள் வந்த பிறகு அதற்கான ஸ்கேனரும் வாங்கி, கண்ணாடியும் வாங்கி, அதையும் பழகிக்கொண்டான். இன்ஜெக்டர் மாற்றினால் மட்டும் போதாது. எந்த இரண்டு இன்ஜெக்டரும் ஒன்றுபோல டீசலைப் பீச்சுவதில்லை. ஒன்று ஒரு பொட்டுக் கூடுதலாகக் கொடுக்கும், ஒன்று ஒரு பொட்டுக் குறைவாகக் கொடுக்கும். அந்தக் குறை நிறையைச் செய்த இடத்திலேயே அளந்து, எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீட்டை அதனதன் தலையில் பொறித்து அனுப்புவார்கள். எந்த இடத்தில் எந்தக் குறியீடு என்று இஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால், அது குறைகிற இடத்தில் கொஞ்சம் கூட்டி, கூடுகிற இடத்தில் கொஞ்சம் குறைத்து, நான்கையும் ஒரு குடும்பமாக நடத்திக்கொண்டு போகும். இன்னாசி நான்கையும் பொருத்தி முடித்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு குறியீட்டையும் கை பழகிய வரிசையில் எழுதிக்கொண்டு, ஸ்கேனரைச் செருகி, ஒவ்வொன்றாக அடித்து ஏற்றினான். தாளை ஆணியில் குத்தி வைத்தான். இஞ்சின் உறுமியது, லேசாகத் தட்டியது. "புதுசு. ரெண்டு நா ஓடுனாப் பழகிக்கிரும்" என்றான்.

அதற்கு மறுநாள்தான் முதலில் சொன்னது நடந்தது.

முதலில் ஆளுக்கொரு நோய் என்றுதான் நினைத்தார்கள். விருமாயி தன் வயிற்றில் பூச்சி இருக்கிறது என்றாள். சம்சாத் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாப்பிட்டும் பசி அடங்காமல் சோற்றுப் பானையைத் துழாவினாள். இரண்டாம் நாள் சாயங்காலம் எல்லைச் சாவடிக் கடையில் வண்டி நின்றபோது, பூச்சியைக் கலைக்கலாம் என்று விருமாயி ஒரு கோலி சோடாவை ஒரே மடக்கில் குடிக்க, ஜீப்புக்குள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த சுருளியம்மாள் நீளமாக ஓர் ஏப்பம் விட்டாள். ஜீப் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"இன்னொன்னு குடி" என்றாள் பாண்டீஸ்வரி விருமாயியிடம்.

விருமாயி இன்னொன்று குடித்தாள். சுருளியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இன்னொரு ஏப்பம் விட்டாள். பிறகு அவள் கையில் ஒரு சோடாவைக் கொடுத்தார்கள். அவள் குடிக்க, நடுச்சீட்டில் சம்சாத் ஏப்பம் விட்டாள். சம்சாத் குடிக்க, விருமாயி விட்டாள். கடைக்காரர் பன்னிரண்டு சோடா உடைத்தார். கடைசியில் கணக்கு இப்படி நின்றது: வலப்பக்கம் சாப்பிட்டால் இடப்பக்கத்துக்கு நிறையும், இடப்பக்கம் சாப்பிட்டால் நடுச்சீட்டுக்கு, நடுச்சீட்டு சாப்பிட்டால் வலப்பக்கத்துக்கு. ருசி மட்டும் சாப்பிடுகிறவள் நாக்கில் நின்றுவிடும். இடம் மாறி உட்கார்ந்து பார்த்தார்கள், ஒன்றும் மாறவில்லை. முதல் நாள் யார் எங்கே இருந்தார்களோ அதுதான். முன்சீட்டுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. தவமணி எப்போதும்போலத் தன் சோற்றைத் தன் வயிற்றுக்கே சாப்பிட்டாள், அதற்காகக் கொஞ்சம் கூச்சப்பட்டு, மற்றவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஊர் இதைப் பழகிக்கொண்ட விதம் எளிமையானது. கம்பத்தில் எந்த வீட்டிலும் வாசலுக்கு வந்தவரிடம் முதலில் கேட்பது சாப்பிட்டாச்சா என்பதுதான். இந்த ஒன்பது பேரிடம் மட்டும், "ஒங்க ஆளு சாப்புட்டுச்சா" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு ஒருத்தியை அழைத்தவர்கள், அவள் யாருக்குச் சாப்பிடுகிறாள், அவளுக்கு யார் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்து அந்த இரண்டு வீட்டுக்கும் பத்திரிகை வைத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை பரிசோதிக்கப் போனால் நர்ஸ், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுவிட்டு, யாருடைய சாப்பாட்டுக்கு என்றும் கேட்டு எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை நோன்பு வைக்கிற சம்சாத், அடுத்தவர் தின்று தன் வயிறு நிறைந்தால் நோன்பு நிற்குமா என்று பள்ளிவாசலில் கேட்டு வரச் சொன்னாள். ஹஜ்ரத் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிவிட்டு, உன் வாய் நோற்றால் அது உன் நோன்பு, வயிறு எங்கே போகிறது என்பதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை விரதக்காரிகளும் இதையே தங்களுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

எல்லோரையும்விட இதில் சந்தோஷப்பட்டவள் விருமாயி. அவளுக்கு ஆறு வருடமாகச் சர்க்கரை. இனிப்பை ஜாடையாகக்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இப்போது மைசூர்பாகும் அதிரசமும் வாங்கிவைத்து, ஜீப்பிலேயே தின்றாள்.

"கொழுப்பப் பாரு" என்றாள் தவமணி முன்சீட்டிலிருந்து. "சக்கர இருக்குதுன்னு பயமே இல்ல."

"எனக்கு என்னாத்துக்குப் பயம். ஏறுனா சுருளிக்குல்ல ஏறுது. அவளுக்குக் கொஞ்சம் ஏறட்டும், ஒடஞ்ச குச்சி மாதிரி இருக்கா." இதைச் சொல்லிவிட்டு நடுச்சீட்டைப் பார்த்து, "ஏய் சம்சாத், நீ மட்டும் இனிப்புத் தின்னு, ஒன்ன மலையில இருந்து உருட்டி விட்டுருவேன்" என்றாள்.

சிரித்தார்கள். சம்சாத்தும் சிரித்தாள், ஆனால் அவள் உதடு வெளுத்திருந்தது. சிரிப்பில் யாரும் கவனிக்காத ஒன்று இருந்தது. சம்சாத்துக்காகச் சாப்பிட வேண்டியவள் சுருளியம்மாள். சுருளியம்மாளுக்கு விருமாயியின் சோறு தானாக வந்து நிறைந்தது. கண்ணின் கீழ்க் குழி கொஞ்சம் மேலே வந்தது, நடையில் தடுமாற்றம் நின்றது. ஆனால் அவள் வாயில் இன்னும் வரக்காப்பியைத் தவிர எதுவும் போகவில்லை. அதனால் சம்சாத்தின் வயிற்றில் வரக்காப்பி மட்டும் வந்து விழுந்துகொண்டிருந்தது. அவள் எவ்வளவு தின்றாலும் அது விருமாயிக்குப் போனது. ஐந்தாம் நாள் காலை, பறித்த காயைச் சாக்கில் கொட்டப் போன சம்சாத், சாக்கைத் தாண்டி மண்ணில் விழுந்தாள்.

அவள் முகத்தில் தண்ணீர் அடித்துத் தூக்கி உட்கார வைத்தபோது, எல்லோரும் ஒரே ஆளைத்தான் பார்த்தார்கள். சுருளியம்மாள் அந்தப் பார்வைகளுக்கு நடுவில் நின்றாள். ஒரு பொரியுருண்டையை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள், மென்றாள், கண்ணில் நீர் வரும்வரை மென்றாள். பிறகு செடிக்குப் பின்னால் போய்த் துப்பினாள்.

அன்று சாயங்காலம் சம்சாத்தின் மாமியார் ஜொகரம்மா, மூடிய சட்டி ஒன்றை முந்தானையால் பிடித்துக்கொண்டு, நான்கு தெரு நடந்து சுருளியம்மாளின் வீட்டுக்கு வந்தாள். கேட்காமலே அடுப்படிக்குள் போய்த் தட்டை எடுத்து, ரசஞ்சோற்றைப் போட்டு, ஓரத்தில் பொரித்த கருவாடு வைத்து, சுருளியம்மாளின் முன்னால் நகர்த்திவிட்டு, தானும் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"எம் மருமக படுத்துக் கெடக்கா. நான் ஊட்டுனா அது விருமாயிக்குப் போயிருது. நீ சாப்புட்டாத்தான் அவளுக்கு."

"எறங்கல அம்மா. நான் என்ன வேணும்னா செய்யுறேன்."

"ஒன்னய யாரு சாப்புடச் சொன்னா. ஒனக்குத்தான் அந்த விருமாயி ரெண்டாளுச் சோத்த விழுங்குறாளே. இது ஒனக்கு இல்ல. இது சம்சாத்துக்கு. நீ எடுத்து வாயில போடு, அவ்வளவுதான். அது பாட்டுக்குப் போயிரும்."

சுருளியம்மாள் தட்டைப் பார்த்தாள். அது இருவருக்கு என்று கிடந்த தட்டு அல்ல. தனக்கு என்று வைத்த தட்டும் அல்ல. அதில் இருந்த ஒரு பருக்கைகூட அவளுடையது இல்லை. மூன்று விரலில் கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். மெல்லும்போது, எங்கோ நான்கு தெரு தள்ளி ஒரு பாயில் சுருண்டு கிடக்கிறவளை நினைத்தாள். தொண்டைக்குத் தடுக்க ஒரு காரணமும் கிடைக்காமல், சோறு இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. படியிறங்கி யாரோ வெளியே போய்விட்டது போல இருந்தது. அடுத்த வாய் எடுத்தாள். ஐந்தாவது வாயில் ஜொகரம்மாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது.

"மாமி" என்றது சம்சாத்தின் குரல். "வயிறு சூடாகுது மாமி. எறங்குது."

"பேசாமப் படு. இன்னும் அரத்தட்டு இருக்கு" என்று சொல்லி ஜொகரம்மா போனை வைத்துவிட்டு, முகத்தை முக்காட்டில் துடைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து சுருளியம்மாள் மூன்று வேளையும் சாப்பிட்டாள், சம்சாத்துக்காக. அளவு தெரியாததால் நடுவில் போனில் கேட்பாள், போதுமா, இன்னும் வேண்டுமா என்று. சம்சாத்துக்குப் பித்தம் என்று தெரிந்து புளியைக் குறைத்துக்கொண்டாள். விருமாயிக்காகச் சம்சாத் இனிப்பைத் தொடவில்லை. சுருளியம்மாளுக்காக விருமாயி, வெளியே சொல்லாமல், கீரையும் முட்டையும் தின்ன ஆரம்பித்தாள். அப்படியே மூன்று வாரம் போனது. சொல்லப் போனால் அந்த ஜீப்பில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் அவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை.

ஜீப்தான் தேறவில்லை. இரண்டு நாளில் பழகிவிடும் என்ற இஞ்சின் மூன்று வாரமாகப் பழகவில்லை. நிற்கும்போது தட்டியது, ஏறும்போது கரும்புகை விட்டது. பாண்டீஸ்வரி வண்டியை மூன்று முறை கொண்டுபோய் விட்டாள். மூன்றாவது முறை இன்னாசி, ஆஸ்பத்திரியில் பாட்டில் தொங்கவிடுவது போல, நான்கு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வருகிற டீசலை நான்கு சின்னப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தான். நான்கிலும் ஒரே மட்டம்.

"இன்ஜெக்டர் நல்லாருக்கு, பம்ப்பு நல்லாருக்கு, பிரஷர் நல்லாருக்கு. பெறகு ஏன் தங்கச்சி தட்டுது?"

"எங்கிட்ட கேட்டா? நான் என்ன படிச்சிருக்கேன்."

"இப்பிடியே ஓட்டுன, பிஸ்டன் ஓட்டையாகிப்போகும். ஏத்தத்துல நிக்கும். பின்னால பத்துப் பேரு இருக்காக." அவன் கையைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காக, "ஆமா, ஒங்க சாப்பாட்டுச் சமாச்சாரம் எப்பிடிப் போகுது" என்று கேட்டான். ஊரெல்லாம் தெரிந்த கதைதான், ஆனால் முழுதாக அவனிடம் யாரும் சொன்னதில்லை.

"எப்பிடிப் போகுது, அப்பிடியேதான். எனக்கும் தவமணிக்கும் ஒண்ணும் இல்ல. நடுச்சீட்டுக்கு இடப்பக்கத்துச் சோறு வருது. இடப்பக்கத்துக்கு வலப்பக்கத்தோடது. வலப்பக்கத்துக்கு நடுச்சீட்டோடது."

இன்னாசி துடைப்பதை நிறுத்தினான். "திரும்பச் சொல்லு."

அவள் திரும்பச் சொன்னாள். அவன் தரையில் சாக்பீஸால் நான்கு கட்டம் போட்டான். முன்சீட்டு ஒன்று, நடுச்சீட்டு இரண்டு, இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் நான்கு. ஒன்றாம் கட்டத்துக்கு வருவது ஒன்றுடையது என்று எழுதினான். இரண்டாம் கட்டத்துக்கு வருவது மூன்றுடையது. மூன்றாம் கட்டத்துக்கு நான்குடையது. நான்காம் கட்டத்துக்கு இரண்டுடையது. எழுதியதை மேலிருந்து கீழாகப் படித்தான்: ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை வேகமாக.

அந்த வரிசை அவனுக்குத் தன் பெயர் மாதிரி. இஞ்சினில் நான்கு சிலிண்டரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நின்றாலும், வெடிப்பது அப்படியல்ல. முதலில் ஒன்று, அடுத்து மூன்று, பிறகு நான்கு, கடைசியில் இரண்டு. டீசல் வேலை பழகிய கை அந்த வரிசையில்தான் எதையும் தொடும். முப்பத்திரண்டு வருடமாக வால்வு வைத்ததும் பைப்பு மாட்டியதும் அப்படித்தான். அவன் எழுந்து போய் ஆணியில் இருந்த காலண்டர் தாளை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இஞ்சினுக்குள் குனிந்து, ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையையும் துடைத்துப் படித்து, தாளோடு ஒத்துப் பார்த்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"நாந்தான் தங்கச்சி. எழுதையில வெடிக்கிற வரிசையில எழுதிப்புட்டேன். மெசினு நிக்கிற வரிசையில கேட்டுருக்கு. ரெண்டாவதுக்கு மூணாவதோட கொறைய, மூணாவதுக்கு நாலாவதோட கொறைய, நாலாவதுக்கு ரெண்டாவதோட கொறையச் சொல்லிவச்சுட்டேன். பத்து நிமிச வேல, இப்பவே மாத்திருறேன்" என்று ஸ்கேனரை எடுத்தான்.

பாண்டீஸ்வரி அவன் கையைப் பிடித்தாள். "இருங்கண்ணே. கேட்டுட்டு வாறேன்."

"ஆருகிட்ட கேக்கணும்?"

"சுருளிகிட்ட."

மறுநாள் காலை மலை ஏறும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். வண்டி ஐந்தாவது வளைவில் இருமிக்கொண்டிருந்தது.

"இப்ப என்ன அவசரம்" என்றாள் விருமாயி. "ரெண்டு மாசம் போகட்டும். மெதுவா ஓட்டு."

"ஒனக்கு அதிரசம் திங்கணும்" என்றாள் தவமணி.

"ஆமா திங்கணும், போடி." விருமாயி எதிரே பார்க்காமல் வெளியே பார்த்தாள். "நாளைக்கு மாத்திப்புட்டா நான் திங்கிறது எனக்குத்தான் சேரும். இவளுக்கு யாரு திம்பா?"

"அக்கா இப்பத்தான் சாப்புடுறாகளே" என்றாள் சம்சாத் திரும்பி.

"அது ஒனக்கு."

சம்சாத் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழாவது வளைவில் இஞ்சின் இரண்டு முறை வெட்டி, ஒரு நொடி நின்று, வண்டி பின்னால் ஓர் அடி உருண்டு, பாண்டீஸ்வரி பிரேக்கை மிதித்து, மறுபடி கிளப்பினாள். பெஞ்சில் இருந்த கைகளெல்லாம் கம்பியைப் பிடித்திருந்தன. கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும், தென்னையும் திராட்சையும் வீடுகளுமாக, காலை வெளிச்சத்தில் சின்னதாகக் கிடந்தது.

சுருளியம்மாள் சொன்னாள், "ஞாயித்துக்கெழம மாத்தச் சொல்லு பாண்டி. ஒருத்தி வயித்துக்காகப் பத்துப் பேரு உருள வேணாம்."

"மாத்துனா சாப்புடுவியா நீ" என்று விருமாயி கேட்டாள்.

"தெரியல."

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பதினோரு பேரும் இன்னாசியின் பட்டறைக்கு வந்தார்கள். சம்சாத்தோடு ஜொகரம்மாவும் வந்து ஒரு டயர் மேல் உட்கார்ந்தாள். இன்னாசி ஒவ்வொரு குறியீட்டையும் வாய்விட்டுப் படிக்க, பாண்டீஸ்வரி இஞ்சினைப் பார்த்துச் சரிசொல்ல, இந்த முறை நிற்கிற வரிசையில், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏற்றினான். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி போட்டான். "இனிமே ஆரும் எதையும் தொடக் கூடாது. ஆக்சிலேட்டர மிதிக்கக் கூடாது, விளக்குப் போடக் கூடாது. இருபது நிமிசம் தானா ஓடி, தானாக் கத்துக்கணும்" என்றான்.

இஞ்சின் முதலில் தடுமாறியது. வேகம் ஏறியது, இறங்கியது, எதையோ தேடுவது போல மறுபடி ஏறியது. ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, தட்டல் தூரமாகப் போய், போய், இல்லாமலானது; நான்கும் தனித்தனியாகக் கேட்பது நின்று, இழை அறாமல் ஓடுகிற ஒரே ஓசையாக ஆனது. போனட் மேல் இன்னாசி நிறுத்திவைத்த ஒரு ரூபாய் நாணயம் விழாமல் நின்றது. அவன் மூச்சை விட்டான். அந்த நேரத்தில்தான் விருமாயி, மத்தியானம் தின்றதன் கனம் தன் வயிற்றிலேயே வந்து உட்கார்ந்ததை உணர்ந்து, "ஏத்தா" என்று டயர் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். சம்சாத் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சுருளியம்மாளுக்கு, சாமான்களை எடுத்துப்போன வீடு மாதிரி உள்ளே வெறிச்சென்று ஆனது. புடவையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மூன்றையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். பழையபடி பஞ்சாகவே நின்றது. மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை ஜீப் புகை விடாமல் மலை ஏறியது. வளைவுகளில் பாண்டீஸ்வரி வேண்டுமென்றே மெதுவாக்கி மறுபடி இழுத்துப் பார்த்தாள், அது சொன்னதைக் கேட்டது. யாரும் அதைப் பாராட்டவில்லை. சுருளியம்மாளின் கையில் சாப்பாட்டுப் பை இருக்கிறதா என்று எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காததுபோல இருந்தார்கள். மத்தியானம் அவளை எப்படிச் சாப்பிட வைப்பது என்று அவளுக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்திருந்தார்கள்: தவமணி கதை சொல்வது, சம்சாத் பக்கத்தில் உட்கார்வது, விருமாயி வாயை மூடிக்கொண்டிருப்பது.

தோட்டத்தில் மூடுபனி இறங்கியிருந்தது. ஏலச் செடிகளின் தூரில் பதினோரு பேரும் வரிசையாகக் குந்தி, ஈர மண்ணில் கிடக்கிற சரங்களை விலக்கி, விளைந்த காயை மட்டும் கிள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மணி பத்தரை இருக்கும். சுருளியம்மாளின் கை நின்றது. பக்கத்துச் செடியில் இருந்த சம்சாத் முதலில் பயந்தாள். சுருளியம்மாள் எதையோ காது கொடுத்துக் கேட்பவள் போலத் தலையைச் சாய்த்திருந்தாள். பிறகு, செருப்பு கடிக்கிறது என்று சொல்வது போல, கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள்:

"பசிக்குது."

மூன்று செடி தள்ளியிருந்த விருமாயி எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து அடுத்தவள் எழுந்தாள். கங்காணி பனிக்குள்ளிருந்து வந்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி, "சாப்பாட்டுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் கெடக்கு" என்றார்.

"ஒங்க கடியாரத்துக்கா பசிக்குது" என்று சொல்லிக்கொண்டே விருமாயி தன் சாப்பாட்டுப் பையை எடுத்து வந்தாள்.

தட்டு தேடவில்லை. டப்பாவின் மூடியிலேயே சோற்றைக் கொட்டி அவள் கையில் கொடுத்தார்கள். ஏற்பாடு செய்ததெல்லாம் மறந்துவிட்டது. தவமணி கதை எதுவும் சொல்லவில்லை. சுருளியம்மாள் தானே பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். மென்றாள். கழுத்தில் அந்த எலும்பு ஏறி இறங்கியதைப் பத்துப் பேரும் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடி, சோறு போகிற வழியெல்லாம் கூடவே போகிறவள் போல, அது நெஞ்சைக் கடந்து, கீழே போய், தன்னிடமே வந்து சேர்கிறவரை காத்திருந்தாள். பிறகு வேகவேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அதைத் துடைக்க இன்னொரு கை இருப்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

"மெல்ல" என்றாள் விருமாயி. "யாரும் புடுங்கப் போறதில்ல."

"குழம்புல உப்பே இல்ல" என்றாள் சுருளியம்மாள், தலையைத் தூக்காமல். "இத எப்பிடித் தின்ன மூணு வாரமா?"

"ஒனக்காகத் தின்னேன், தொலையுது."

"இன்னும் இருக்கா?"

விருமாயி தன் டப்பாவை அப்படியே அந்த மூடியில் கவிழ்த்தாள். கங்காணி கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு, ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்தார். பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.